எழுபது நாள் பயணம், ஏழு நிமிடப் பார்வை: ஒரு வேவுக் கலத்தை வடிவமைப்போம்

அறிவியல் புனைகதைகளில் வேவுக் கலம் என்றால் ஒரு நிரந்தர வடிவம் இருக்கிறது. அளவில் சின்னது, வேகம் அதிகம், பேருக்கு இரண்டு துப்பாக்கி. 1977-ல் வெளிவந்த டிராவலர் என்ற மேசை விளையாட்டில் வரும் நூறு டன் ஸ்கவுட் கலம் இதற்கு நல்ல உதாரணம். சிறிய உடல், சின்னக் குழு, உச்சியில் ஒற்றை டரட். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான கதைகளும் கேம்களும் இதே அச்சில்தான் வார்க்கின்றன.

"ஏன் இப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வேகமா இருக்கணும், அதனால ஆயுதம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு வேகம், எதற்கு எதிராக வேகம், அந்தக் கொஞ்ச ஆயுதம் யாரைச் சுட? இந்தக் கேள்விகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கலத்தின் வடிவம் தானாக வந்து நிற்கிறது. கொஞ்சம் எதிர்பாராத வடிவம். நான் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கதை உலகத்துக்காகப் போட்ட கணக்கு இது. பள்ளி இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதலில் விதிகள்

கற்பனை உலகம் என்றாலும் விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதைக்கு இக்கட்டு வரும்போதெல்லாம் புதுக் கருவி முளைக்கும். என் விதிகள் நான்கு:

1. நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரத்துக்குத் தாவும் இயந்திரம் உண்டு. ஆனால் நட்சத்திரத்திலிருந்து 10 வானியல் அலகு தள்ளித்தான் அது வேலை செய்யும். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், சுமார் 15 கோடி கி.மீ. நம் சூரியக் குடும்பத்தில் 10 அலகு என்பது சனியின் பாதையைத் தாண்டிய இடம்.
2. ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப வழியில்லை. தாவும் கலம்தான் தபால்காரர்.
3. தாவும்போது கலத்தின் வேகமும் திசையும் அப்படியே இருக்கும். 500 கி.மீ./வினாடியில் உள்ளே போனால் அதே வேகத்தில் வெளியே வரும்.
4. மற்ற எல்லாம் நிஜ இயற்பியல்.

இரண்டாவது விதிதான் வேவுக் கலத்துக்கு உயிர் கொடுக்கிறது. ரேடியோவில் சொல்லிவிட முடியும் என்றால், பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கலம் அழிந்தாலும் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. கலம் திரும்பி வந்தால்தான் செய்தி வரும். ஆகவே இந்தக் கலம் சுமக்கும் சரக்கு ஒன்றே ஒன்று: செய்தி. அது வீடு வந்து சேர உதவாத எதையும் கலத்தில் ஏற்றக் கூடாது.

இது பாய்மரக் காலத்துக் கடற்படைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். 1798-ல் நெப்போலியனின் படை எகிப்துக்குக் கப்பலேறியபோது, அதைத் தேடிப்போன நெல்சனிடம் பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. ஆனால் புயலில் பிரிந்துபோன ஃப்ரிகேட் கப்பல்கள் திரும்பிச் சேரவில்லை. ஃப்ரிகேட்தான் அந்தக் காலத்து வேவுக் கலம். ஜூன் மாதத்தில் ஓர் இரவு இரண்டு கப்பற்படைகளும் அருகருகே கடந்துபோயின, ஒன்றை ஒன்று பார்க்காமலேயே. கடைசியில் ஆகஸ்ட் 1 அன்றுதான் அபுகிர் விரிகுடாவில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தார். அதற்குள் நெப்போலியனின் படை கரையிறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. எத்தனை பீரங்கி இருந்து என்ன, கண் இல்லையே.

ஏழு வருடம் கழித்து டிராஃபல்கரில் நிலைமை வேறு. யூரியலஸ் என்ற ஃப்ரிகேட் எதிரிக் கப்பற்படையைக் கண்ணில் வைத்துக்கொண்டே இருந்து, தொடுவானத்துக்கு அப்பால் இருந்த நெல்சனுக்குக் கொடிச் சைகையால் சேதி அனுப்பியது. போர் முடிந்ததும் வெற்றிச் செய்தியையும் நெல்சனின் மரணச் செய்தியையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது பிக்கிள் என்ற ஒரு சின்னஞ்சிறு கப்பல்.

வேகம் என்றால் என்ன?

விண்வெளியில் "வேகமான கலம்" என்ற சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எவ்வளவு சீக்கிரம் வேகம் கூட்ட முடியும் என்பது, அதாவது முடுக்கம். இன்னொன்று, எரிபொருள் தீரும் வரை மொத்தமாக எவ்வளவு வேக மாற்றம் செய்ய முடியும் என்பது. ராக்கெட் ஆட்கள் இதை டெல்டா-வி என்பார்கள். பைக்கின் பிக்-அப்பும் டேங்க் கொள்ளளவும் மாதிரி.

இரண்டாவதைத் தீர்மானிப்பது சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாடு. சாராம்சம் இதுதான்: எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயு எந்த வேகத்தில் போகிறதோ, அந்த அளவு டெல்டா-வி வேண்டுமென்றால் கிளம்பும்போது எடை காலி எடையைப் போல 2.72 மடங்கு இருக்க வேண்டும். அதைப்போல இரு மடங்கு டெல்டா-வி வேண்டுமென்றால் 2.72-ஐ அதாலேயே பெருக்க வேண்டும், 7.39 மடங்கு. மும்மடங்கு என்றால் 20 மடங்கு. கூட்டு வட்டி மாதிரி ஏறும்.

இன்றைய ஹைட்ரஜன்–ஆக்சிஜன் எஞ்சின்களின் வெளியேற்ற வேகம் சுமார் 4.5 கி.மீ./வினாடி. சிறுகோள்களுக்குப் போன டான் விண்கலத்தின் அயனி எஞ்சினுக்கு ஏறக்குறைய 30. பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 1970-களில் தாளில் வடிவமைத்த டேடலஸ் என்ற அணு இணைவு விண்கலத்துக்கு 10,000 கி.மீ./வினாடி அளவில் கணக்கிட்டார்கள். நான் நடுவில் ஓரிடத்தில் நிற்கிறேன்: அணு இணைவு எஞ்சின், திரவ டியூட்டீரியம் எரிபொருள், வெளியேற்ற வேகம் 1,000 கி.மீ./வினாடி.

பயண வேகம் 500 கி.மீ./வினாடி என்று வைப்போம். மனிதன் செய்ததிலேயே மிக வேகமான பார்க்கர் சோலார் புரோப், சூரியனை நெருங்கும்போது தொடுவது 192 கி.மீ./வினாடி. அதைப்போல இரண்டரை மடங்கு. 10 அலகு தூரத்தை இந்த வேகத்தில் கடக்க 35 நாள்.

இப்போது வழக்கமான கதைத் திட்டத்தைப் பாருங்க. எதிரி மண்டலத்துக்குள் தாவு, வேகம் எடு, கிரகத்துக்கு அருகே பிரேக் போட்டு நின்று பார், மறுபடி வேகம் எடு, வெளியே போய்த் தாவு, வீட்டில் பிரேக் போடு. வேகம் கூட்டுவது இரண்டு தடவை, குறைப்பது இரண்டு தடவை. மொத்தம் 2,000 கி.மீ./வினாடி. காலி எடை 300 டன் என்றால் கிளம்பும் எடை 2,217 டன். அதில் 1,900 டன்னுக்கு மேல் எரிபொருள்.

இதற்கு மாற்று உண்டு. நிற்காமலே போய்விடலாம்.

மூன்றாவது விதி ஞாபகம் இருக்கா? தாவும்போது வேகம் மாறாது. அப்போ வேகத்தை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். 500 கி.மீ./வினாடியில் தாவு, எதிரி மண்டலத்தை எஞ்சினைத் தொடாமல் குறுக்காகக் கடந்துபோ, மறுபக்கம் 10 அலகு தூரத்தில் தாவு, வீட்டுக்கு வந்து பிரேக் போடு. டெல்டா-வி 1,000 மட்டும். கிளம்பும் எடை 815 டன், அதில் எரிபொருள் 515 டன். நாலில் ஒரு பங்கு எரிபொருளில் வேலை முடிகிறது. இந்த வேகத்தில் நட்சத்திரத்தின் ஈர்ப்பு பாதையை வளைப்பதுகூட அற்பம், கிட்டத்தட்ட நேர்கோடு.

எரிபொருள் மிச்சம் ஒரு லாபம்தான். அதைவிடப் பெரிய லாபம் வெப்பத்தில் இருக்கிறது.

வெப்பம்தான் உண்மையான எதிரி

815 டன் கலத்தை பூமி ஈர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தில் தள்ளணும் என்றால் எஞ்சினின் திறன் எவ்வளவு? உந்துவிசை சுமார் 8 லட்சம் நியூட்டன். அதை வெளியேற்ற வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 400 கிகாவாட். 2022 வாக்கில் இந்தியாவின் மொத்த மின்நிலையங்களின் நிறுவு திறன் ஏறக்குறைய இதே அளவுதான். ஒரு "சின்ன" வேவுக் கலத்தின் வாலில் ஒரு நாட்டின் மின்சாரம்!

இதில் 1 சதவீதம் மட்டுமே கலத்தின் உடலுக்குள் வெப்பமாக வருகிறது என்று தாராளமாக வைப்போம். 4 கிகாவாட். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். 1,500 கெல்வினில் செக்கச்சிவக்கத் தகிக்கும் ஒரு தகடு, இரண்டு பக்கமும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 570 கிலோவாட் அளவுக்கு வெளியேற்றும். அப்படியானால் தேவைப்படுவது 7,000 சதுர மீட்டர் ரேடியேட்டர். ஒரு கால்பந்து மைதானம். முடுக்கத்தை பூமி ஈர்ப்பின் அளவுக்கே உயர்த்தணும்னா பத்து மைதானம். திரையில் பார்க்கும் கலங்கள் எல்லாம் வழவழவென்று இருப்பது இந்தக் கணக்கை யாரும் போடாததால்தான்.

அதனால் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். 500 கி.மீ./வினாடியைத் தொட சுமார் ஆறு நாள். எரிபொருள் குறையக் குறையக் கலம் லேசாகும் என்பதால் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே தொட்டுவிடும்.

இந்த ஆறு நாளும் கலம் ஒரு தீப்பந்தம். 4 கிகாவாட் ரேடியேட்டரும் 400 கிகாவாட் வாலும் 10 அலகு தூரத்திலிருந்தும் ஒரு நல்ல கண்காணிப்பு வலைக்குத் தெரியும். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 83 நிமிடம் ஆகும், எதிரிக்கு அவ்வளவுதான் தாமதம். அதன்பின் நம் வேகம், திசை, எங்கே எப்போது வருவோம் என்பதெல்லாம் அவர்கள் மேசையில் இருக்கும்.

வீட்டிலேயே வேகம் எடுத்துவிட்டு வந்தால் இந்தத் தீப்பந்தம் எதிரி மண்டலத்தில் எரியவே எரியாது. எஞ்சின் அணைந்து, ரேடியேட்டர் ஆறி, விசிறி மாதிரி மடங்கியிருக்கும். உள்ளே நாலு பேர், கம்ப்யூட்டர், விளக்கு எல்லாம் சேர்த்து 100 கிலோவாட். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வீசியதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வெப்பத்தை அறை வெப்பநிலையில் வெளியேற்ற 220 சதுர மீட்டர் போதும், அதையும் கிரகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம்.

முழுசா மறைய முடியுமா? முடியாது. பூமி அளவு தூரத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஒளி 1,360 வாட். 20 மீட்டர் விட்டமுள்ள கலத்தின் மேல் 400 கிலோவாட்டுக்கு மேல் விழும். நம் சொந்த வெப்பத்தைவிட அது நாலு மடங்கு. வெள்ளை அடித்தால் பளபளக்கும், கறுப்பு அடித்தால் சூடாகி அகச்சிவப்பில் தெரியும்.

ஆனால் தெரிவது வேறு, கவனிக்கப்படுவது வேறு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த விண்கல்லின் விட்டம் ஏறக்குறைய 20 மீட்டர். வெடிக்கும் வரை யாரும் அதைப் பார்க்கவில்லை, காரணம் அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. நம் கலமும் அதே வழியில் வரலாம். நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் தாவி, அதன் கண்கூசும் ஒளியை முதுகில் வைத்துக்கொண்டு கிரகத்தை நெருங்குவது. கூடுதல் வசதி, கிரகத்தின் பகல் பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும். படம் எடுக்க வெளிச்சம்!

ஏழு நிமிடம்

இந்தத் திட்டத்துக்கு ஒரு விலை உண்டு. மொத்தம் 20 அலகு தூரத்தைக் கடக்க 70 நாள். ஆனால் கிரகத்திலிருந்து ஒரு லட்சம் கி.மீ. எல்லைக்குள் இருப்பது? இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 2 லட்சம் கி.மீ., 500-ஆல் வகுத்தால் 400 வினாடி. ஏழு நிமிடம்கூட முழுசா இல்லை.

அந்த எல்லைக்குள் ஏன் போகணும்? ஒளியியல். 2 மீட்டர் ஆடி வைத்த டெலஸ்கோப், பத்து லட்சம் கி.மீ. தூரத்திலிருந்து 340 மீட்டருக்குக் குறைந்த எதையும் ஒரு புள்ளியாகத்தான் காட்டும். ஒரு லட்சம் கி.மீ. என்றால் 34 மீட்டர். 30,000 கி.மீ. என்றால் 10 மீட்டர். சுற்றுப்பாதையில் நிற்பது சரக்குக் கலமா, போர்க்கலமா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பத்து மீட்டர் வேண்டும்.

இது கற்பனைக் கஷ்டம் இல்லை. நியூ ஹொரைசன்ஸ் 9 வருடத்துக்கு மேல் பயணம் செய்து, 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை சுமார் 14 கி.மீ./வினாடியில் கடந்தது. நிற்க எரிபொருள் இல்லை. எந்த நிமிடம் எங்கே திரும்பணும், எதைப் படம் எடுக்கணும் என்று முன்கூட்டியே எழுதி ஏற்றிய நிரல்தான் எல்லாவற்றையும் செய்தது. பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆகும் இடத்தில் வேறு வழி கிடையாது. எடுத்ததை முழுவதும் பூமிக்கு அனுப்பி முடிக்க 2016 அக்டோபர் வரை ஆனது.

நம் கலத்துக்கும் ஏழு நிமிடம் என்பது உச்சக்கட்டம் மட்டும்தான். 70 நாளும் ரேடியோ அலைகளைக் கேட்டுக்கொண்டே போகும். எத்தனை கலங்கள் பேசிக்கொள்கின்றன, எந்த நிலவில் புதிதாக ரேடார் முளைத்திருக்கிறது, எங்கே எஞ்சின் எரிகிறது என்று கேட்டும் பார்த்தும் ஒரு வரைபடம் வளரும். அந்த ஏழு நிமிடத்தை எங்கே செலவழிப்பது என்பதை அந்த வரைபடம்தான் தீர்மானிக்கும். மடக்கி விரிக்கும் பெரிய ஆன்டெனா, டெலஸ்கோப் அளவுக்கே முக்கியம்.

சரி, ஆயுதம்?

முதலில் எதிரி நம்மை எப்படிக் கொல்வார் என்று பார்ப்போம். 500 கி.மீ./வினாடியில் போகும் கலத்தின் முன்னால் ஒரு கிலோ எடையுள்ள கல் இருந்தால், மோதலின் ஆற்றல் 30 டன் டிஎன்டி. ஏவுகணையே வேண்டாம், நம் பாதையில் ஒரு வாளி ஜல்லியைக் கொட்டினால் போதும். ஒரு மில்லிகிராம் தூசியே 30 கிராம் டிஎன்டி. அதற்குத்தான் முன்பக்கம் பல அடுக்குக் கேடயம். ஃபிரெட் விப்பிள் 1940-களில் முன்வைத்த யோசனைதான். முன்னால் இருக்கும் மெல்லிய தகட்டில் தூசி மோதி ஆவியாகிச் சிதறும், பின்னால் இருக்கும் தகடு சிதறலைத் தாங்கும். விண்வெளி நிலையத்திலும் இதே தத்துவம்தான்.

ஜல்லியைத் தாங்க எந்தக் கேடயமும் இல்லை. சுட்டு வீழ்த்தவும் முடியாது. 1,000 கி.மீ. முன்னால் கண்டுபிடித்தாலும் கைவசம் இருப்பது 2 வினாடி. பின்னே என்ன செய்வது? ஒதுங்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி, பக்கவாட்டில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் மட்டும் கொடுத்தால், ஒரு நாளில் கலம் 86 கி.மீ. விலகியிருக்கும். செலவு சுமார் 700 கிலோ நைட்ரஜன். தீப்பந்தம் இல்லை, சூடு இல்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை எதேச்சையாக ஏதோ ஒரு பக்கம் இப்படி நகர்ந்தால், நேற்றைய கணக்கை வைத்து ஜல்லி கொட்டுபவருக்கு வெற்றிடம்தான் கிடைக்கும்.

துப்பாக்கி எங்கே பயன்படும் என்றால், பின்னாலிருந்து துரத்தி வருவதற்கு எதிராக. அதுவும் நம்மைப்போல முன்பே வேகம் எடுத்து வந்திருக்கணும். நம்மைவிட வினாடிக்கு 5 கி.மீ. மட்டும் அதிக வேகத்தில் நெருங்கும் ஏவுகணைக்கு, 1,000 கி.மீ.யைக் கடக்க 200 வினாடி ஆகும். இங்கே லேசருக்கு நேரம் இருக்கிறது. டெலஸ்கோப்பின் அதே 2 மீட்டர் ஆடியைத் திருப்பிப் பயன்படுத்தினால், அந்தத் தூரத்தில் ஒளிப்புள்ளியின் விட்டம் ஒன்றேகால் மீட்டருக்குள். ஏவுகணையின் கண்ணைப் பொசுக்கப் போதும். தனி டரட் தேவையில்லை, கண்ணும் துப்பாக்கியும் ஒன்றே. அதே லேசர் மற்ற நாட்களில் முன்னால் இருக்கும் தூசியை அளக்கும், நட்புக் கலத்தோடு பேசும்.

2 மெகாவாட் கற்றையை 200 வினாடி வீசினால், 30 சதவீதத் திறனில், மிஞ்சும் வெப்பம் 93 கோடி ஜூல். ரேடியேட்டரை விரித்தால் ஊருக்கே தெரியும். அதற்குப் பதில் 3 டன் பனிக்கட்டியை உருக்கி அதில் இறக்கிவிடலாம். அதுதான் குழுவின் குடிதண்ணீரும். சண்டை முடிந்ததும் குடிக்கலாம்.

எடைப் பட்டியல் இப்படி வருகிறது:

- எஞ்சின், அணு உலை: 100 டன்
- ரேடியேட்டர்: 70 டன்
- தாவும் இயந்திரம்: 30 டன்
- எரிபொருள் தொட்டிகள்: 25 டன்
- தூசிக் கேடயம்: 20 டன்
- குடியிருப்பு, உணவு, தண்ணீர், நைட்ரஜன்: 35 டன்
- டெலஸ்கோப், ஆன்டெனா, கம்ப்யூட்டர்: 15 டன்
- லேசர்: 5 டன்

மொத்தம் 300. ஆயுதம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இதை 50 டன் ஆக்கினால்? ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 1.72 டன் எரிபொருள் கூட வேண்டும். கிளம்பும் எடை 815-லிருந்து 938-க்குப் போகும். சுமக்க முடியாத எடை இல்லை. பொறியியல் இங்கே "கூடாது" என்று சொல்வதில்லை. வேறு காரணம் இருக்கிறது.

துப்பாக்கி இருந்தால் கை போகும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் பேட்டில்குரூசர் என்ற வகைக் கப்பலைக் கட்டியது. பெரிய போர்க்கப்பலின் பீரங்கி, குரூசரின் வேகம், அதற்கு விலையாக மெல்லிய கவசம். எதிரியின் வேவுக் கப்பல்களை விரட்டுவதும், பெரிய படைக்கு முன்னால் போய்ப் பார்ப்பதும் அதன் வேலைகள். ஆனால் அவ்வளவு பெரிய பீரங்கி இருக்கும்போது எந்தத் தளபதி அதைச் சண்டை வரிசையில் நிறுத்தாமல் இருப்பார்? 1916 மே 31 அன்று ஜட்லாண்டில் இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் என மூன்று பேட்டில்குரூசர்கள் வெடித்து மூழ்கின. 3,300 பேருக்கும் மேல் இறந்தார்கள். வெடிமருந்தைக் கையாண்ட முறையும் பெரிய காரணம். ஆனாலும் அந்தக் கவசத்தோடு அவை அந்த இடத்தில் நின்றதற்கு அந்தப் பீரங்கிகளும் ஒரு காரணம்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 1939-ல் சிட்னி காட்டன், பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஸ்பிட்ஃபயர் விமானத்தின் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, வழவழப்பாக்கி, கேமரா பொருத்தினார். வேகம் கூடியது, உளவுப் படம் எடுக்கும் தலைமுறையே அங்கிருந்து கிளம்பியது. எஸ்ஆர்-71 இன்னும் ஒரு படி மேல். ஒலியைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வேகம், ஆயுதம் பூஜ்யம். ஏவுகணை வந்தால் இன்னும் வேகம் கூட்டு, அதுதான் முக்கியத் தற்காப்பு. கட்டிய 32 விமானங்களில் 12 விபத்தில் போயின. எதிரி சுட்டு வீழ்ந்தது ஒன்றுகூட இல்லை.

என் கதையில் இந்தக் கேள்வி இப்படி வருகிறது. கலம் எதிரி மண்டலத்தைக் கடக்கிறது. நாற்பதாவது நாள். ஒரு நிலவில் இருக்கும் நம்மவர் குடியேற்றத்தின் மேல் தாக்குதல் நடப்பது டெலஸ்கோப்பில் தெரிகிறது. உதவி கேட்கும் குரல் ரேடியோவில் வருகிறது. கலத்தின் தலைவி என்ன செய்வாள்?

50 டன் ஆயுதம் இருந்தால் அவளுக்கு முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது. ஏதாவது செய்து பார்க்கலாமே என்று தோன்றும், தோன்றாவிட்டால் அவள் மனுஷி இல்லை. எஞ்சினைப் பற்றவைத்தால் தீப்பந்தம். வேகம் குறைத்தால் வீட்டுக்குப் போக எரிபொருள் இருக்காது. அந்த ஆயுதம் ஒரு படையைத் தடுக்காது, இன்னும் ஒரு கலத்தை இழப்பதற்கு மட்டும் போதும். செய்தி வீடு சேராது. அடுத்த குடியேற்றத்துக்கு எச்சரிக்கை போகாது.

5 டன் லேசர் மட்டும் இருந்தால் அவள் கேட்பாள், பதிவு செய்வாள், கடந்து போவாள். பதில்கூட அனுப்ப முடியாது. இன்னும் முப்பது நாள் அந்தக் குரலின் பதிவோடு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த முடிவை அவள் எடுக்கவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில், லேசர்: 5 டன் என்று எழுதியவர் எடுத்துவிட்டார். வேவுக் கலத்தில் ஆயுதம் குறைவாக இருப்பதற்கு எடையைவிட இதுதான் கனமான காரணம் என்று எனக்குப் படுகிறது. ஆயுதத்தைக் குறைப்பது என்றால் தலைவியின் கையைக் கட்டுவது. அது சரியா என்பதை அந்தப் பொறியாளரும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

ஆளே இல்லாமல் அனுப்பினால்?

நியாயமான கேள்வி. தொழில்நுட்ப ரீதியாக ஆள் தேவையில்லை, நியூ ஹொரைசன்ஸ் அதைக் காட்டிவிட்டது. நாலு பேருக்கு 90 நாளுக்கு உணவு, நீர், ஆக்சிஜன் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைத்தாலும் 2.2 டன்தான். மறுசுழற்சிக் கருவிகூட வேண்டாம். எடை ஒரு பிரச்சினையே இல்லை.

பார்ப்பதும் அளப்பதும் மென்பொருள் செய்யும். அந்தத் துறையில்தான் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன், அதனால் சொல்கிறேன்: 34 மீட்டர் அளவுள்ள பொருள் 112, அதில் 40-ல் எஞ்சின் சூடு என்ற அறிக்கையை மென்பொருள் அழகாகக் கொடுக்கும். அந்த நாற்பதும் போருக்குக் கிளம்புகின்றனவா, பஞ்சத்தில் இருந்து மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றனவா என்பது வேறு கேள்வி. வேவுக் கலம் கொண்டுவரும் ஒரு வாக்கியத்தால் இரண்டு உலகங்கள் சண்டைக்குப் போகலாம். அந்த வாக்கியத்துக்குப் பொறுப்பேற்று, எதிரே நின்று கேள்வி கேட்பவரின் கண்ணைப் பார்த்து "நான் பார்த்தேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்று என் கதை உலகத்து ஆட்சியாளர்கள் நினைக்கிறார்கள். அதனால் நாலு பேர்.

அதே காரணத்தால், கலங்களை ஒற்றையாக அனுப்புவதில்லை. இரண்டு கலம், பத்து நாள் இடைவெளி, வேறு வேறு பாதை. ஒன்று சொல்வதை மற்றொன்றோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒன்று திரும்பாவிட்டால், அதுவே ஒரு செய்தி.

ஆக, கடைசியில் கையில் இருப்பது: மடங்கிய விசிறி ரேடியேட்டர், முன்னால் அடுக்குக் கேடயம், நடுவே குண்டான எரிபொருள் தொட்டி, பக்கவாட்டில் ஒரு பெரிய கண். அழகான கலம் என்று சொல்ல மாட்டேன். பார்க்க ஒரு மடக்கிய குடை மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் உண்டு. உங்கள் கதை உலகத்தின் விதிகள் வேறாக இருந்தால் கலமும் வேறாக வரும். தாவும்போது வேகம் பூஜ்யமாகிவிடும் என்று மூன்றாவது விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள், மொத்தக் கலமும் கலைந்து வேறு ஒன்றாகும். கணக்கு மேலே இருக்கிறது, எண்களை மாற்றிப் போட்டால் போதும்.

அடுத்த குறிப்பில் மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம்: இப்படி ஒரு கலம் நட்சத்திரத்தின் ஒளிக்குப் பின்னால் மறைந்து வரும் என்று தெரிந்த ஒரு கிரகம், தன் காவல் கண்களை எங்கெங்கே வைக்கும்?